படிப்பிக்கச் சொன்னதா, பகிடிக்குச் சொன்னதா

786

விட்லோ கல்லூரி,
அயோவா.
14.9.1981

அன்பு மனைவி றாஹிலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். நீயும் மாமாவும் மாமியும் சுகமாக இருக்க அல்லாஹ் போதுமானவன்.

வந்து சேர்ந்த அன்று எழுதியது அவசரக் கடிதம். இன்றுதான் ஆறுதலாக உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கல்லூரியில் படிக்கிற ஆட்கள் நான் கல்முனையில் படிப்பித்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை விடவும் குறைவு. சுற்றிவரச் சோளக் காணிதான், கண்ணுக்கு எட்டிய மட்டும் சமதரை. எங்கள் இறக்காமத்து வயல் வட்டையில் நிற்பது போலத்தான் இருக்கிறது, யானை மட்டும்தான் இல்லை.

இங்கே ஒரு பாடத்தை மட்டும் படிக்க விடமாட்டார்கள். நான் இங்கிலீஷ் படிக்க வந்த ஆள். ஆனால் கல்லும் பாறையும் படிக்க வேண்டும், சங்கீதமும் படிக்க வேண்டும், மெய்யியலும் உலகத்துச் சமயங்களும் படிக்க வேண்டும். அப்படிப் படித்தால்தான் ஆள் முழு மனிதனாவானாம். இருபத்தொன்பது வயதில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது. என் அறையில் இருக்கிற டேவிட் என்கிற பொடியனுக்குப் பதினெட்டு வயது, என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். சமய பாடம் எடுக்கிற மிஸ் ஹார்மன் தன்னையும் பெயர் சொல்லியே கூப்பிடச் சொல்கிறார். எனக்கு வாய் வரவில்லை.

பள்ளிவாசல் இல்லை. இந்தக் கல்லூரியில் முஸ்லிம் என்றால் நான் ஒருவன்தான். கிப்லா எந்தப் பக்கம் என்று கல் படிப்பிக்கிற ஆசிரியரிடம் கேட்டேன். அவர் ஒரு பூமி உருண்டையையும் நூலையும் எடுத்து வைத்து, வடகிழக்கு என்று காட்டினார். மேற்கைப் பார்த்துத் தொழுது பழகிய உடம்புக்கு இன்னும் அது பிடிபடவில்லை.

இந்தக் கடிதத்தை வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டு. மாமாவுக்கு என் கையெழுத்து விளங்காது.

அன்புடன்,
மீராசா


786

கல்முனைக்குடி.
6.10.1981

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். இங்கு எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்கு ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன்.

கடிதம் கிடைத்தது. மஃரிபுக்குப் பிறகு விறாந்தையில் விளக்கை வைத்துக்கொண்டு வாசித்தேன். வாப்பா, உம்மா, பக்கத்து வீட்டு சுபைறா மாமி எல்லாரும் இருந்தார்கள். யானை இல்லை என்ற இடத்தில் வாப்பா நன்றாகச் சிரித்தார். மறுகா, “கல்லப் படிச்சி என்ன செய்யப் போறாராம் மாப்பிள?” என்று கேட்டார். உம்மா, “சோறு கிடைக்குதா எண்டு கேட்டு எழுது புள்ள” என்றா. நீங்கள் அதை எழுதவில்லை. கல்லைப் பற்றி எழுதிய ஆளுக்குச் சோற்றைப் பற்றி ஒரு வரி எழுத இடமிருக்கவில்லை.

எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் படிப்பிக்கிறார்கள் என்று எழுதியதும் எனக்கு நமது சந்தியில் இருக்கிற சீனிமுகம்மது காக்காவின் கடைதான் நினைவு வந்தது. அங்கேயும் உப்பும் கிடைக்கும், ஊசியும் கிடைக்கும், சுருட்டும் கிடைக்கும். எது கேட்டாலும் இரண்டாவது கொத்து அளக்கச் சொன்னால் ஆள் கையை விரிப்பார். நீங்கள் அப்படி ஆகிவிடாமல் வந்து சேருங்கள்.

எனக்கும் சொல்ல ஒரு புதினம் இருக்கிறது. பெண்கள் பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்கு அளவையியல் படிப்பிக்க ஆளில்லை என்று, நான் அந்தப் பாடத்தில் நல்ல பெறுபேறு எடுத்ததை யாரோ சொல்லி, என்னைத் தற்காலிகமாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். பாண்டிருப்பிலிருந்து வருகிற செல்லத்தங்கம் ரீச்சர்தான் எனக்குத் துணை. முதல் நாள் கரும்பலகையில் எழுதியதையே மூன்று தரம் அழித்து எழுதினேன். இப்போது அழிப்பதில்லை.

ஒரு குறை சொல்லவேண்டும். எல்லாருக்கும் வாசிக்கிற கடிதத்தில் எனக்கென்று ஒரு வரியும் இல்லை. தனித்தாளில் இரண்டு வரி எழுதி உள்ளே வைத்தால் என்ன? நான் அதை மடித்து வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசிப்பேன்.

மழை தொடங்கிவிட்டது. வாப்பா விதைப்புக்குப் போய்விட்டார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
றாஹிலா


786

விட்லோ கல்லூரி,
அயோவா.
29.11.1981

அன்பு றாஹிலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தனித்தாள் கேட்டிருந்தாய். இது ஏரோகிராம். உள்ளே எதையும் வைக்கக்கூடாது, வைத்தால் தபாலில் சேர்க்கமாட்டார்கள். ஆகவே எல்லாருக்கும் பொதுவாகவே எழுதுகிறேன். சோறு ஞாயிறுகளில் மட்டும், அதுவும் கஞ்சியாகக் கிடைக்கிறது என்று மாமியிடம் சொல்.

நான்கு நாள் விடுமுறை. எல்லாரும் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். இவ்வளவு பெரிய கட்டிடத்தில் நானும் காவல்காரரும்தான். பனி விழுந்திருக்கிறது. வெளியில் நடந்தால் கால் மரத்துப்போகிறது, உள்ளே வந்து சூட்டுக்குப் பக்கத்தில் வைத்தாலும் கொஞ்ச நேரத்துக்கு அது என் கால் போல இல்லை.

உங்களைச் சிரிக்க வைக்க ஒரு கதை இருக்கிறது. இங்கே வகுப்பு என்றால் ஆசிரியர் முன்னுக்கு நின்று படிப்பிப்பதல்ல. ஒரு நீண்ட மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் இருந்து கதைக்கவேண்டும். கதைக்காதவனுக்குப் புள்ளியில்லை. இரண்டு கிழமைக்கு முன் மிஸ் ஹார்மனின் வகுப்பில் இஸ்லாம் பாடம். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். ஒரு பெண் பிள்ளை கேட்டாள், “உங்களில் ஆம்பிளை ஒரு சொல்லைச் சொன்னால் கலியாணம் முறிந்துவிடுமாமே, உண்மையா?” நான் தலாக் என்றால் என்ன, எந்தச் சமயத்தில் சொல்வது, இத்தா என்கிற மூன்று மாதக் காத்திருப்பு என்ன, அந்தக் காலத்துக்குள் கணவன் மீட்டுக்கொள்ளலாம் என்றெல்லாம் நன்றாக விளக்கினேன். கதைக்கக் கதைக்க எனக்கே உற்சாகம் பிறந்துவிட்டது. அப்போது மிஸ் ஹார்மன், “அதை எப்படிச் சொல்வார்கள்? உங்கள் பாஷையில் ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள், ஓசையைக் கேட்போம்” என்றார்.

சொல்லிக் காட்ட ஒரு பெயர் வேண்டுமல்லவா. வாயில் வந்த பெயர் உன்னுடையதுதான். “றாஹிலா, உன்னை நான் தலாக் சொன்னேன்” என்றேன். ஒருவருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் மேசையைச் சுற்றி எல்லாரும் பேனையைக் கீழே வைத்துவிட்டார்கள். பிறகு அந்தப் பெண் பிள்ளை, “அழகான ஓசை” என்றாள். எல்லாரும் சிரித்தோம். மிஸ் ஹார்மன், இந்தத் தவணையிலேயே சிறந்த வகுப்பு இதுதான் என்று பாராட்டினார்.

நீயும் சிரிப்பாய் என்று நினைக்கிறேன். எல்லாருக்கும் சலாம்.

அன்புடன்,
மீராசா


786

கல்முனைக்குடி.
17.12.1981

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கு துஆ செய்கிறோம்.

உங்கள் கடிதத்தை வழமை போல விறாந்தையில் வைத்து வாசித்தேன். நான் முன்கூட்டி வாசித்துப் பார்ப்பதில்லை. எல்லாருடனும் சேர்ந்து கேட்கத்தான் எனக்கு விருப்பம். கஞ்சி என்றதும் உம்மா பாவம் என்றா. கால் மரத்த இடத்தில் சுபைறா மாமி கடுகெண்ணெய் பூசச் சொன்னா. அதற்குப் பிறகு அந்த வகுப்புக் கதை வந்தது. என் பெயர் வந்த வசனத்தை நான் நிறுத்தாமலே வாசித்துவிட்டேன். வாசிக்கிற வேகத்தில் வாய் ஓடிவிட்டது, மச்சான். என்னைத் தலாக் சொன்ன சொல்லை என் வாயாலேயே என் வாப்பாவுக்கு முன்னால் சொன்னேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. சுபைறா மாமி எழும்பி, “எனக்கு அடுப்புல வேல கிடக்கு” என்று போய்விட்டா. வாப்பா விளக்கின் திரியைத் தூண்டி வெளிச்சத்தைக் கூட்டினார். “அந்த இடத்தத் திரும்ப வாசி புள்ள” என்றார். நான் மாட்டேன் என்றேன். கடிதத்தை வாங்கிக்கொண்டு முகைதீன்பாவா மௌலவியிடம் போனார்.

மௌலவி அடுத்த நாள் வீட்டுக்கே வந்தார். திரைக்கு இந்தப் பக்கம் இருந்து நான் கேட்டேன். அவர் சொன்னது இது: “நிக்காஹ், தலாக், மீட்டெடுக்கிற, இந்த மூணும் மெய்யாச் செல்லினாலும் மெய்தான், பகிடிக்குச் செல்லினாலும் மெய்தான். ஆனா ஓதிக்குடுக்கிற ஒராள் பாடத்துக்காகச் செல்லிக் காட்டினா அது நிகழாது. மாப்பிள அந்த இடத்துல படிப்பிக்கச் செல்லினாரா, பகிடிக்குச் செல்லினாரா? அது அவருக்குத்தான் தெரியும். எழுதிக் கேளுங்க.”

பிறகு அவரே ஆறுதலும் சொன்னார். ஒன்றுதான் சொல்லியிருக்கிறீர்கள், ஆகவே எது எப்படி இருந்தாலும் ஒரு சொல்லில் சரிப்படுத்தலாமாம். “றாஹிலாவை மீட்டுக்கொண்டேன்” என்று வாயால் சொல்லி, அதைக் கடிதத்திலும் எழுதினால் போதும். நிகழ்ந்திருந்தால் மீண்டுவிடும். நிகழாவிட்டால் அந்தச் சொல்லால் ஒரு குற்றமும் இல்லை.

உம்மா சந்தேகத்துக்கென்று என்னை வெளியில் இறங்காமல் இத்தா இருக்க வைத்திருக்கிறா. பள்ளிக்கூடத்துக்குச் சுகமில்லை என்று அறிவித்திருக்கிறேன். செல்லத்தங்கம் ரீச்சர் என் வகுப்பைப் பார்க்கிறா. என்ன வருத்தம் என்று கேட்டு அனுப்பினா. என்ன சொல்லட்டும்?

அந்தச் சொல்லை எழுதி அனுப்புங்கள், மச்சான். வேறு எதையும் எழுத வேண்டியதில்லை. உங்கள் கடிதத்தில் எனக்கென்று ஒரு வரி கேட்டிருந்தேன் அல்லவா, அந்த வரி இதுவாக இருக்கட்டும்.

உங்கள்
றாஹிலா


விட்லோ கல்லூரி,
அயோவா.
11.1.1982

அன்பு றாஹிலாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வாசித்துக் கவலைப்பட்டேன். ஒரு வேடிக்கைக் கதை இப்படிப் போய் முடியும் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் நீ அறிவுள்ளவள், ஆகவே நிதானமாக யோசித்துப் பார். ஒருவன் ஒரு பொருளைக் கைவிட்டால்தான் அதை மீட்க முடியும். நான் உன்னைக் கைவிடவில்லை. கைவிடாத ஒன்றை மீட்டுக்கொண்டேன் என்று எழுதினால், கைவிட்டேன் என்று ஒத்துக்கொண்டதாகும். அப்படி ஒரு பொய்க்கு நான் ஏன் கையெழுத்து வைக்க வேண்டும்? சொல் வேறு, கருத்து வேறு. ஊரில் எங்களுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லித் தரவில்லை. பயத்துக்காக ஒரு சொல்லைச் சொன்னால், நாளைக்கு இன்னொன்றையும் சொல்லச் சொல்வார்கள்.

மௌலவியின் கேள்வியை மிஸ் ஹார்மனிடம் சொன்னேன். அவருக்கு நம்ப முடியாத சந்தோஷம். இவ்வளவு நுட்பமான கேள்வியைத் தான் கேட்டதேயில்லை என்றார். விடுமுறை முடிந்த முதல் வகுப்பிலேயே வைத்தோம். ஏழு பேர் நிகழவில்லை என்றார்கள், நாலு பேர் நிகழ்ந்தது என்றார்கள், டேவிட் உன்னிடம் கேட்கவேண்டும் என்றான். இதையே அன்றிரவே தவணைக் கட்டுரையாக எழுதச் சொன்னார். எழுதினேன். ஏ தரம் கிடைத்திருக்கிறது. உன் பெயரை மாற்றித்தான் போட்டேன்.

மாமியிடம் சொல்லி அந்த இத்தாவை விடு. பள்ளிக்கூடத்துக்குப் போ. படிப்பிப்பது உனக்கு நல்லது.

அன்புடன்,
மீராசா


786

கல்முனைக்குடி.
27.1.1982

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கடிதம் கிடைத்தது. இந்த முறை நான் தனியாக, அறைக்குள் இருந்துதான் வாசித்தேன். வாப்பா கேட்டதற்கு, சுகமாக இருக்கிறார், பரீட்சை நல்லம் என்று சொன்னேன்.

நீங்கள் எழுதியது முழுக்க நியாயம்தான். நானும் அளவையியல் படித்தவள்தான். வாதத்தில் பிழையில்லை. நான் உங்களிடம் வாதம் கேட்கவில்லை.

கைவிடவில்லை என்கிறீர்கள். சரி. அப்படியென்றால் அந்தச் சொல்லைச் சொல்வதால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும்? பிழையாக உடுப்பில் தண்ணீர் பட்டால் உதறிவிட்டுப் போகிறோம், பட்டதா இல்லையா என்று கட்டுரை எழுதுவதில்லை. நான் பன்னிரண்டு பேர் கதைக்கிற கேள்வியாகிவிட்டேன். பெயரை மாற்றினாலும் அது நான்தான். எனக்குக் கோபம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், வரவில்லை. பசியும் வருவதில்லை. உம்மா சோற்றுக் கோப்பையை வைத்தால் தின்கிறேன், எடுத்தால் கை கழுவுகிறேன்.

உம்மாவும் நானும் கணக்குப் பார்த்தோம். பெப்ரவரி பாதியோடு என் இத்தா முடியும். கடிதம் அதற்குள் வந்து சேராது. ஒரு தந்தி அடியுங்கள். “மீட்டுக்கொண்டேன்” என்ற ஒரு சொல் போதும். இங்கிலீஷில் எழுதினாலும் போதும். தபால் கந்தோரில் இருக்கிற அழகரெத்தினம் ஐயாவுக்கு அது என்னவென்று விளங்காது, ஏதோ அடகு நகை என்று நினைப்பார். நினைக்கட்டும்.

மௌலவி கேட்டதற்கு நீங்கள் இன்னும் மறுமொழி சொல்லவில்லை. சொல்லும்போது உங்கள் மனதில் என்ன இருந்தது என்று அவர் கேட்டார். இப்போது நானும் கேட்கிறேன்.

றாஹிலா


விட்லோ கல்லூரி,
அயோவா.
20.2.1982

றாஹிலாவுக்கு,

தந்தி அடிக்கவில்லை. நீ எதிர்பார்த்திருப்பாய். மன்னித்துக்கொள்.

அடிக்கத்தான் போனேன். தந்தி அடிக்க அடுத்த ஊருக்குப் போகவேண்டும். டேவிட் தன் காரில் கொண்டுபோய் விட்டான். கடுதாசியில் அந்தச் சொல்லை எழுத முதல், மௌலவி சொன்னபடி வாயால் சொல்லிப் பார்ப்போம் என்று நினைத்தேன். வாயைத் திறந்தேன். வரவில்லை. கடுதாசியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். டேவிட், அனுப்பிவிட்டாயா என்று கேட்டான். ஓம் என்றேன்.

அன்று சொல்லும்போது மனதில் என்ன இருந்தது என்று கேட்டிருக்கிறாய். ஒன்றும் இருக்கவில்லை, றாஹிலா. பகிடியும் இல்லை, கோபமும் இல்லை. உன் பெயரைச் சொன்னேன், அந்தச் சொல்லைச் சொன்னேன், ஒன்றும் அசையவில்லை. மற்றவர்கள் அந்த ஓசைக்கே பேனையை வைத்து மரியாதை செய்தார்கள். எனக்கு அடுத்த மணிக்கு எந்த வகுப்பு என்ற நினைப்புத்தான் இருந்தது. அன்றிலிருந்து இதைப் பற்றி யோசிக்கிறேன். உன்னைப் பற்றி யோசிக்கிறேன் என்று எழுதத்தான் விருப்பம். அது உண்மையாக இருக்காது.

இங்கே முடித்த பிறகு மேற்படிப்புக்கு வேறொரு பல்கலைக்கழகத்தில் இடம் எடுத்துத் தருவதாக மிஸ் ஹார்மன் சொல்கிறார். இன்னும் ஐந்து வருஷம் ஆகலாம். நான் மறுக்கவில்லை.

மௌலவியிடம் சொல், நான் படிப்பிக்கத்தான் சொன்னேன் என்று. சட்டப்படி ஒன்றும் நிகழவில்லை. நீ என் மனைவிதான். உனக்கும் மாமாவுக்கும் ஊரில் ஒரு குறைவும் வராது. இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்.

மீராசா


786

கல்முனைக்குடி.
12.3.1982

மீராசா மாஸ்டர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கடிதம் போன திங்கட்கிழமை கிடைத்தது. நெல் அறுத்துச் சூடடிக்கிற காலம், வாப்பா வட்டையில் நின்றார். ஆள் அனுப்பிக் கூப்பிட்டு, மௌலவியையும் வரச் சொன்னேன். உம்மா திரையைப் போட்டா. மௌலவி, “மாப்பிள என்ன எழுதியிரிக்கார் புள்ள? படிப்பிக்கவாமா, பகிடிக்காமா?” என்று கேட்டார்.

கடிதம் என் கையில்தான் இருந்தது. நான், “பகிடிக்காம்” என்றேன்.

மௌலவி பாயில் திரைப் பக்கமாக நகர்ந்து இருந்தார். “மீட்டெடுத்தாரா?” என்று கேட்டார். “இல்ல” என்றேன். “இத்தா?” என்றார். உம்மா, “முடிஞ்சிட்டு” என்றா. அப்போது அவர், “அப்ப இனி ஒண்டும் செய்ய ஏலா” என்று எழும்பினார். வாப்பா தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். கடிதத்தை வாசித்துக் காட்டச் சொல்லி அவர் கேட்கவில்லை.

நீங்கள் எழுதியதற்கு மாறாகத்தான் சொன்னேன். அந்தப் பாவம் என்னுடையது, நானே சுமந்துகொள்கிறேன். நிகழவில்லை, அப்படியே இருக்கட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து வருஷம் அப்படியே இருக்கிறவள் நான்தானே. தந்திக் கந்தோர் வரை போய் உங்களுக்கு வாய் வராத சொல் ஒன்று. எனக்கு வந்த சொல் வேறொன்று. அதைச் சொன்னேன். சொல்லும்போது என் மனதில் என்ன இருந்தது என்று கேட்டால், எனக்கும் ஒன்றும் இருக்கவில்லை. அந்த ஒரு காரியத்தில் நாங்கள் இரண்டு பேரும் சரிசமம்.

நான் சொன்னது பொய் என்று மௌலவிக்கு நேரே எழுத உங்களுக்கு உரிமை இருக்கிறது. எழுதினால் இங்கே யாரும் உங்களைக் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் எழுதினால் வந்து என்னோடு இருக்கவேண்டும்.

வீடு உம்மா எனக்குத் தந்தது, ஆகவே நான் எங்கும் போகத் தேவையில்லை. உங்கள் உடுப்பும் சைக்கிளும் நெல் ஏற்றிய உழவு இயந்திரத்தில் இறக்காமத்துக்குப் போய்விட்டன. உங்கள் உம்மா வாங்கி வைத்துக்கொண்டா, ஒன்றும் கேட்கவில்லையாம். தலாக்கைப் பதிவு செய்யக் காதியார் கந்தோரிலிருந்து ஒரு அறிவித்தல் வரும். கையெழுத்து வைத்து அனுப்பிவிடுங்கள். நேற்றிலிருந்து நான் பள்ளிக்கூடம் போகிறேன். செல்லத்தங்கம் ரீச்சர் ஒன்றும் கேட்காமல் வகுப்புச் சாவியைத் தந்தா.

உங்கள் படிப்புக்கு அல்லாஹ் பறக்கத்துச் செய்வானாக. இனி நீங்கள் எனக்கு அந்நிய ஆண். அந்நிய ஆண்களுக்குக் கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. ஆகையால் இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கச்சிமுகம்மது றாஹிலா